வாலில் அடிக்கும் காற்று

உல்போசின் பிறந்த அன்று ரயில்வே குடியிருப்பின் கூரைத் தகடு ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்தது. தண்டவாளத்துக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்த ஒட்டகத்தின் கழுத்தை அது அறுத்துவிட்டது. பெயர் சூட்டும் விருந்துக்கு அந்த ஒட்டகத்தின் கறிதான். ஏற்கெனவே மூன்று பெண்களைப் பெற்றிருந்த தகப்பன், அடுத்ததாவது மகனாகட்டும் என்று வேண்டிக்கொண்டு, அந்த வேண்டுதலையே இவளுக்குப் பெயராக வைத்தார். அதற்குப் பிறகு அவருக்குப் பிள்ளையே பிறக்கவில்லை.

இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவில், கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்தது போன்ற இடைவெளி. அதன் தென்கிழக்கு வாயில் சீன எல்லை, முள்வேலி. வடமேற்கு வாயில் அலாகோல் ஏரி. எந்தக் கடலும் கிட்டத்தில் இல்லாத நிலம் என்பதால் கோடையில் தரை பொரியும், குளிரில் எச்சில் கீழே விழுவதற்குள் கட்டியாகும். மலைக்கு ஒரு பக்கம் காற்று கனத்துக் குவிந்தால் மறுபக்கம் இளைத்துப்போகும். கனத்த பக்கத்திலிருந்து இளைத்த பக்கத்துக்கு ஓட அதற்கு இருப்பது இந்த ஒரு சந்துதான். பெரிய கூட்டம் சின்ன வாசலில் முட்டிக்கொண்டு வருவதுபோல் வரும். எல்லைப் பக்கமிருந்து வருவது எபி. சரிவில் இறங்க இறங்க நெருக்குண்டு சூடேறி, நடுக் குளிர்காலத்திலும் வெதுவெதுப்பாக வந்து அறையும். ஏரிப் பக்கமிருந்து வருவது சைக்கான். அதன் வேலை உறைய வைப்பது.

எபி அடிக்கும் நாட்களில் காலிச் சரக்குப் பெட்டிகளைச் சங்கிலியால் தண்டவாளத்தோடு பிணைப்பது உல்போசினுடைய தகப்பனின் வேலை. அவள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் சங்கிலி பூட்டும் முன்பே பெட்டி சாய்ந்தது. அவர் பெட்டிக்கு அடியில் இருந்தார். பாரந்தூக்கி வண்டி வரவேண்டிய பாதையிலும் பெட்டிகள் சாய்ந்து கிடந்ததால், காற்று ஓயும்வரை அவரை வெளியே எடுக்க முடியவில்லை. உல்போசின் அவருடைய பூட்ஸைப் பார்த்தபடி நின்றாள். காற்றின் மேல் கோபப்பட முடியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் சங்கிலி வைத்திருந்த கிடங்குக்காரரின் ஜன்னலைக் கல்லால் அடித்து உடைத்தாள். 

கல்யாணமாகி மலையடிவாரத்துக்கு வந்தாள். கணவன் எர்மெக் கூட்டுப் பண்ணையின் மேய்ப்பன். பண்ணை கலைந்தபோது பங்காக ஆடுகள் வந்தன, கொஞ்சம் குதிரைகளும் வந்தன. அவர்கள் வீட்டை ஒட்டிய குன்றின் மறுசரிவில் எர்மெக்கின் பெரியப்பா மகன் நூர்காசிமின் வீடு. கணவன் வீட்டு மூத்தவர்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதால், உல்போசினுக்கு அவர் எப்போதும் ‘பெரியத்தான்’தான். நெட்டையான, கடுகடுப்பான மனிதர். அவர் மனைவி ஷரிபாவுக்கு நாக்கு நீளம். வந்த புதிதிலேயே, “மகனாகட்டும்னு பேரு வச்சாங்களாமே, மீசைய எங்க விட்டுட்டு வந்த?” என்று கேட்டவள் அவள்.

எர்மெக்கைக் கொண்டுபோனதும் எபிதான். ஏரியில் உப்பு அதிகம், அலையும் அதிகம், அதனால் லேசில் உறையாது. உறைந்த பிறகும் நம்ப முடியாது. பனித்தரையில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது காற்று எழுந்து அவன் நின்ற பாளத்தைக் கரையிலிருந்து பிளந்து தள்ளியது. கரையில் இருந்தவர்கள் எல்லாம் கத்தினார்கள். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் இறங்கியவர் நூர்காசிம் ஒருவர்தான். கயிறு எட்டவில்லை. அவரை இழுத்துக் கரையேற்றியபோது அவர் தாடி உறைந்து சட்டையோடு ஒட்டியிருந்தது. அதற்குப் பின்வந்த குளிர்காலங்களில் உல்போசின் தானே குதிரை ஏறி மந்தையைப் பார்த்துக்கொண்டாள். எர்மெக்கின் தம்பி கைரோல்லா கூட இருந்தான்.

குளிர்கால மேய்ச்சலில் குதிரைதான் முதல். குளம்பால் பனியைத் தோண்டி அது நுனிப்புல்லைத் தின்னும். அது நகர்ந்த பிறகு ஆடுகள் அந்தக் குழியில் வாய் வைத்து அடிப்புல்லைத் தின்னும். ஆட்டுக்குப் பனியைத் தோண்டத் தெம்பில்லை. குதிரை இல்லாத வீட்டில் பனிக்காலத்தில் ஆடு இல்லை.

ஒரு வருடம் இலையுதிர் காலத்திலேயே சண்டை தொடங்கியது. கைரோல்லா குதிரைகளை நூர்காசிமின் வைக்கோல் நிலத்தின் குறுக்கே ஓட்டிவிட்டான். நூர்காசிம் அவனை ஆட்களுக்கு முன்னால் வைத்துக் கயிற்றால் விளாசினார். கைரோல்லாவின் முதுகிலிருந்த கோடு மறைந்துவிட்டது, மனதிலிருந்த கோடு மறையவில்லை. அந்த வருடம் சுற்றுவட்டாரம் முழுக்கக் குதிரைத் திருட்டு வேறு. நகரத்துக்கு இறைச்சி ஏற்றிப்போகும் லாரிகள் ஏரிச் சாலையில் நிற்கும். அதில் ஒன்றை ஓட்டியவன் நூர்காசிமின் மருமகன்.

நடுக் குளிரில் எபி வந்தது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பனி கூழாகிக் குதிரையின் முழங்கால்வரை சளசளத்தது. கைரோல்லா தொப்பியைக் கழற்றிவிட்டு, வசந்தம் வந்தாச்சு, மதினிக்குப் புது மாப்பிள்ளை பார்க்கலாமா என்று கேலி செய்தான். உல்போசின் சிரிக்கவில்லை. கூழான பனிமேல் குளிர் இறங்கினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். புல்லின்மேல் பனிக்கட்டி இறுகி மந்தையே பட்டினியில் சாகும். அதற்கு ஜூட் என்று பெயர், ஊரே தாழ்ந்த குரலில் சொல்லும் வார்த்தை.

சாயங்காலம் காற்று நின்றது. குதிரைகள் குன்றுக்கு அப்பால் சமவெளியில்தான் நிற்கும், காலையில் கொண்டுவரலாம் என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் வீடு பள்ளத்தில் இருந்தது. ஏரிப்பக்கக் குளிருக்கு அஞ்சித்தான் அந்தக் காலத்து ஆட்கள் குன்றைச் சுவராக வைத்து அங்கே கட்டியிருந்தார்கள். எபி அங்கே காதைப் பிளக்கும், சைக்கான் தலைக்கு மேலேயே போய்விடும். சத்தமில்லை என்பதால் காற்றே இல்லை என்று நினைத்துத் தூங்கினார்கள். விடிந்து கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. கடப்பாரையால் இடித்து வெளியே வந்தபோது நிலம் முழுக்கக் கண்ணாடியாக இருந்தது. குதிரைகள் இல்லை.

குதிரை காற்றுக்கு முகம் கொடுக்காது. வாலைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு, அது தள்ளும் திசையில் நடக்கும். ஆகவே தொலைந்த குதிரையைத் தேடுகிறவன் முதலில் காற்று எங்கே போனது என்று பார்ப்பான். எபி ஏரியை நோக்கி அடித்திருந்தது. கைரோல்லா ஏரிக்கரை நாணலுக்குப் போனான். கூழில் பதிந்த குளம்படிகள் அப்படியே உறைந்து நாணலுக்குள் போயின. வெளியே வந்த தடம் ஒன்றுகூட இல்லை. நாணலுக்குப் பின்னால் ஏரிச் சாலை.

“உள்ள போன தடம் இருக்கு, வெளிய வந்த தடம் இல்ல. குதிரைக்கு றெக்கையா மொளச்சிது? லாரியில ஏத்திட்டான், மதினி.”

கண்ணாடித் தரையில் குளம்படி பதியாது என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் திருப்பித் தள்ளக் காற்று இல்லாமல் குதிரைகள் நாணலைவிட்டு வெளியே வந்திருக்காது என்று இருவரும் நம்பினார்கள். பள்ளத்து வீட்டில் படுத்திருந்தவர்களுக்குக் காற்று திரும்பியதே தெரியவில்லை.

திரும்பி வரும் வழியில் கைரோல்லா நூர்காசிமின் லாயத்தை எட்டிப் பார்த்திருந்தான். அங்கே ஆணியில் அறுந்த கால்கட்டு ஒன்று தொங்கியது. குதிரையின் முன்னங்கால்களைப் பிணைக்கும் தோல்வார். முடிச்சு உல்போசின் போட்ட முடிச்சு.

கைரோல்லாவும் அவன் கூட்டாளிகள் இருவரும் உல்போசினும் குதிரையேறிப் போனார்கள். வீட்டில் மிச்சமிருந்த சவாரிக் குதிரைகள் அவைதான். பனிக்கட்டியில் குளம்புகள் வழுக்கின, ஒருவன் விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டான். அந்த இரத்தமே அவனுக்குப் போதுமான காரணமாகிவிட்டது. நூர்காசிம் வாசலில் நாணல் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். கைரோல்லா ஒன்றும் கேட்காமல் குதிரையின் மார்பை அவர்மேல் விட்டான். விழுந்தவரை மற்ற இருவரும் உதைத்தார்கள். விலா எலும்பு முறிந்த சத்தம், ஏரியில் பனி விரிசல் விடும் சத்தத்தைப் போலவே இருந்தது. ஷரிபா கோடரியோடு ஓடி வந்தாள். அவளை மடக்கிப் பிடித்து லாயத்துக்குள் தள்ளித் தாழிட்டார்கள். உள்ளேயிருந்து அவள் சபித்த சாபங்களில் பாதி உல்போசினுடைய பெயரைச் சொல்லி வந்தன.

நூர்காசிம் முழங்காலில் எழுந்தார். கால்கட்டு நாணலில் கிடந்தது, காலையில் நாணல் அறுக்கப் போனபோது எடுத்தேன், கொண்டுவந்து கொடுக்கத்தான் மாட்டி வைத்தேன் என்றார். குதிரை எங்கே என்று கைரோல்லா கேட்டான்.

“காத்து திரும்பிடுச்சுடா. நீங்க தூங்குறப்பவே திரும்பிடுச்சு. வேலிப் பக்கம் போய்ப் பாருங்க.”

“கேட்டீங்களா? காத்து திருடிட்டுப் போச்சாம்,” என்றான் கைரோல்லா. கூட்டாளிகள் சிரித்தார்கள்.

உல்போசின் கணக்குப் போட்டாள். வேலிக்குப் போய்த் திரும்ப இந்தத் தரையில் ஒரு பகல் முழுக்க ஆகும். இவர் சொல்வது பொய்யானால் அந்தப் பகலுக்குள் லாரி நகரத்தைத் தாண்டிவிடும். குதிரை இல்லாமல் ஆடுகள் எத்தனை நாள் நிற்கும்? அவர் உண்மையும் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. அந்த எண்ணத்தை அடித்து விரட்டுவது போலச் சாட்டையை ஓங்கி, “நூர்காசிம், குதிரைய எங்கடா வச்சிருக்க?” என்றாள். இத்தனை வருடத்தில் அவர் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சாட்டை நுனியில் பின்னிய தோல் முடிச்சு அவருடைய இடது கண்ணில் இறங்கியது.

அவர் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். விரல்களுக்கு நடுவே வந்தது வெறும் இரத்தமாக இல்லை. 

அவருடைய குதிரைகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பழைய பெயர் உண்டு, பரிம்தா. குற்றவாளியின் மந்தையைப் பிணையாகப் பிடித்து வைத்து, பஞ்சாயத்தில் அவன் பதில் சொல்லும்வரை தராமல் இருப்பது. திருட்டு இல்லை என்று அந்தப் பெயர் சொல்கிறது. என் ஆடு செத்துடும், ஆட்டையும் சேர்த்துக் கொண்டுபோ என்று நூர்காசிம் பின்னாலிருந்து சொன்னார். உல்போசின் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து அவளுடைய ஆடுகள் நூர்காசிமின் குதிரைகளுக்குப் பின்னால் மேய்ந்தன. பனியைத் தோண்டுவது வேறு, பனிக்கட்டியை உடைப்பது வேறு. குதிரை முன்னங்காலைத் தூக்கி அடித்ததும் பாளம் உடைந்து, உடைந்த விளிம்பு கத்தியாக நிற்கும். அடுத்த அடியில் அந்தக் கத்தி கணுக்காலுக்கு மேலே தோலைச் சீவும். சரிவு முழுக்க வெள்ளைக்குமேல் சிவப்புப் பொட்டு. எர்மெக்கின் பழைய கம்பளி பூட்ஸை வெட்டி அவள் குதிரைக் கால்களில் சுற்றினாள். மதியத்துக்குள் கம்பளி கிழிந்து தொங்கும். ஒரு பெட்டைக் குதிரையின் கால் முறிந்தபோது கைரோல்லா அங்கேயே அதன் கழுத்தை அறுத்தான். மற்ற குதிரைகள் மோந்து பார்த்துவிட்டு மறுபடி பனிக்கட்டியை அடித்தன. ஆடுகள் தின்றன. அவை தின்னும் சத்தம் கேட்கும்போது மட்டும் உல்போசினுக்கு மூச்சு சரியாக வந்தது.

முகட்டில் நின்றால் மறுசரிவு தெரியும். அங்கே இரண்டு உருவங்கள் கோடரியாலும் கடப்பாரையாலும் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டிருந்தன. நெட்டையான உருவத்தின் தலையில் துணிக்கட்டு. ஓர் அடி, பிறகு நீண்ட நேரம் குனிந்து நிற்பது, பிறகு ஓர் அடி. அவர்கள் நாளெல்லாம் திறக்கும் நிலம் ஒரு வீட்டு முற்றம் அளவுகூட வராது. ஆடுகள் ஒன்றின் முதுகு ரோமத்தை ஒன்று பிடுங்கித் தின்றன. தின்னப்பட்டவை ரோமமில்லாமல் குளிரில் விறைத்தன. லாயத்துச் சுவரோரம் தோல் குவியல் தினம் உயர்ந்தது. திருடனுக்கு இது வேண்டியதுதான் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஒருமுறை சொன்னது போதவில்லை, திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஒரு மத்தியானம் எல்லைக் காவல் வண்டி ஒன்று சங்கிலிச் சக்கரத்தில் கரகரத்துக்கொண்டு பள்ளத்துக்குள் வந்தது. இறங்கியவன் சின்ன வயது சிப்பாய், வடக்கத்திப் பையன், மூக்கு குளிரில் வெந்திருந்தது. பால் டீயும் பொரித்த ரொட்டியும் வைத்தாள். அவன் தின்றுகொண்டே சொன்னான்.

“பிறையும் கோடும் போட்ட குதிரைச் சூடு ஒங்களோடதா, அக்கா? வேலியில கெடக்குது. பாஸ்போர்ட் இல்லாமப் போனா சீனாக்காரன் உள்ள விடுவானா?”

அவனுடைய நகைச்சுவைக்கு அவனே சிரித்தான். உடம்புகளை எடுத்துப் போகவேண்டும், இல்லையென்றால் வெயில் வந்ததும் எண்ணெய் ஊற்றி எரித்துவிடுவோம் என்று அதிகாரி சொல்லச் சொன்னார் என்றான். உல்போசின் அதே வண்டியில் ஏறினாள்.

குதிரைகள் வேலியை ஒட்டிய ஓடையில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியிருந்தன. கீழே விழுந்தவற்றின் மேல் மற்றவை ஏறி நின்று, ஏறியபடியே உறைந்திருந்தன. இரண்டு இன்னும் நின்றுகொண்டே இருந்தன. முள்கம்பி மார்புக்குள் போயிருந்தது. கண்களைக் காக்கைகள் எடுத்துவிட்டிருந்தன. தலைகள் எல்லாம் எல்லையைப் பார்த்து, வால்கள் எல்லாம் ஏரியைப் பார்த்து. வால் மயிர்கள் பின்னங்கால்களுக்கு நடுவே காற்று தள்ளிய வாக்கிலேயே பனிக்கட்டியாக நின்றன. தலைக் குதிரையின் முன்னங்காலில் பாதிக் கால்கட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அது அறுந்த மற்ற பாதிதான் நாணலில் கிடந்திருக்கும்.

படிக்கத் தெரிந்த யாருக்கும் அதில் எல்லாம் எழுதியிருந்தது. எபி இவற்றை ஏரிக்குத் தள்ளியது. நாணலுக்குள் நுழைந்தன. காற்று நின்றது, திரும்பியது, தரை இறுகியது. இறுகிய தரைமேல் வந்த வழியே தள்ளிக்கொண்டு வந்து இந்தக் கம்பியில் குத்தியது. மனிதன் ஒருவன்கூட இதற்குள் இல்லை.  சிப்பாய் கோடரி வேண்டுமா, கறியாவது வெட்டிக்கொள்ளலாமே என்றான். வேண்டாமென்று தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து கைரோல்லாவிடம் சொன்னாள். அவன் அடுப்பில் வறட்டியைத் தள்ளினான்.

“புல்லு மொளைக்கிற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க, மதினி. செத்த குதிரை வந்து சாட்சியா சொல்லப் போவுது?”

“அவருக்குக் கண்ணு போச்சுடா.”

“போன கண்ணு குதிரைய திருப்பிக் குடுத்தா வந்துடுமா? குடுத்தா நம்ம ஆடு சாவும். எர்மெக் அண்ணன் விட்டுட்டுப் போன ஆடு.”

அவன் சொன்னது தவறில்லை என்பதுதான் கொடுமை. குதிரைகளைத் திருப்பிக் கொடுத்தால் இவள் ஆடுகள் இந்தக் குளிரைத் தாண்டாது. கொடுக்காவிட்டால் அவர் ஆடுகளில் மிச்சமிருப்பதும் தாண்டாது. அவள் எழுந்து லாயத்துக்குப் போனாள். கைரோல்லா கதவை மறித்தான். தள்ளினாள். அவன் அவளைச் சுவரோடு சேர்த்து அழுத்திக் கழுத்தைப் பிடித்தான். அண்ணன் மனைவியின் கழுத்தில் கை வைத்திருப்பதை அவனே தாமதமாகத்தான் உணர்ந்தான் போல. பிடி தளர்ந்த அந்த நேரத்தில் அவள் வைக்கோல் அள்ளும் கவைக் கம்பை எடுத்து அவன் தொடையில் இறக்கினாள். அவன் உட்கார்ந்துவிட்டான். அவனுடைய காயத்தைத் துணியால் இறுகக் கட்டிவிட்டு, அடுப்பில் வறட்டி போட்டுவிட்டு, குதிரைகளை அவிழ்த்தாள். தன் ஆடுகள் அத்தனையையும் அவற்றின் பின்னால் ஓட்டிக்கொண்டு கிளம்பினாள். எதையும் பங்கு பிரிக்கவில்லை. பிரித்தால் யாருக்கு எவ்வளவு என்று யோசிக்க வேண்டியிருக்கும், யோசித்தால் திரும்பிவிடுவோமோ என்று அவளுக்குப் பயம்.

ஷரிபா அவளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். குதிரைகள் முற்றத்துக்குள் நுழையும்வரை அசையாமல் நின்றாள். உல்போசின் இறங்கி, எங்கள் குதிரைகள் வேலியில் கிடக்கின்றன, பெரியத்தான் சொன்னதுதான் நிஜம் என்று சொல்லி முடிப்பதற்குள் கோடரியின் மொட்டைப் பக்கம் அவள் வலது தோளில் விழுந்தது. காறை எலும்பு உடைந்தது. இரண்டாவது அடிக்கு ஷரிபா கோடரியைத் திருப்பிப் பிடித்தாள்.

“வுடு,” என்றார் நூர்காசிம்.

அவர் உல்போசினைப் பார்க்கவில்லை. நேராகக் குதிரைகளிடம் போய், விலா வலியில் ஒரு பக்கமாகக் குனிந்து, ஒவ்வொன்றின் காலாகத் தடவினார். கம்பளித் துண்டுகளை உரித்தார். உள்ளே சில இடங்களில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஒன்று குறைகிறதே என்றார். அறுத்துவிட்டோம் என்றாள் அவள், தரையில் உட்கார்ந்தபடி.

“இதுங்க இனிமே ஒடைக்காது. ஒன் ஆடு, என் ஆடு எல்லாத்துக்கும் சேத்து இந்தக் கோடரிதான்.” அவர் ஷரிபாவின் கையிலிருந்து அதை வாங்கி உல்போசினின் காலடியில் போட்டார். “எழுந்திரு.”

வலது கையைச் சால்வையால் மார்போடு கட்டிக்கொண்டு இடது கையால் உடைத்தாள். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் பேசாமல் உடைத்தார்கள். இரண்டு மந்தையும் கலந்து அவர்கள் காலைச் சுற்றி நின்றன, பாளம் பெயர்வதற்குள் வாயை நுழைத்தன. ஒருமுறை கோடரி ஓர் ஆட்டின் மூக்கில் விழுந்தது. அன்றைக்கு அதுதான் சாப்பாடு. ஷரிபா கறியைத் துண்டு போட்டபோது உல்போசினுக்கு ஒரு துண்டைத் தரையில் எறிந்தாள். அவள் எடுத்துத் தின்றாள். தினமும் சில ஆடுகள் எழவில்லை. எது யாருடையது என்று காதில் வெட்டிய அடையாளத்தைப் பார்க்க யாரும் குனியவில்லை.

வானம் எல்லைப் பக்கம் மஞ்சளாகி, மலைமேல் மேகம் வரிசையாக, சலவைக் கல்லை அடுக்கியது போல நின்ற நாளில் நூர்காசிம் எல்லா ஆடுகளையும் லாயத்துக்குள் அடைக்கச் சொன்னார். எபி மத்தியானத்தில் வந்தது. முதலில் கூழாங்கற்கள் சுவரில் பொரிந்தன. பிறகு வண்டிச் சக்கரம் ஒன்று முற்றத்தைக் கடந்து உருண்டு போனது. கூரையின் ஒரு மூலை பிய்ந்ததும் நூர்காசிம் கயிற்றோடு மேலே ஏறி வயிற்றால் அழுத்திப் படுத்துக்கொண்டார். லாயக் கதவின் தாழ் முறிந்தது. கதவு திறந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கும், கூரை போனால் மந்தை போகும், படுத்திருப்பவரும் போவார். ஷரிபா முதுகை முட்டுக் கொடுத்தாள், போதவில்லை. உல்போசின் பக்கத்தில் வந்து நல்ல தோளைக் கொடுத்தாள். கதவு உதைக்கும் ஒவ்வொரு தடவையும் உடைந்த எலும்பு உள்ளே உராய்ந்தது. கத்தினாள். அந்த இரைச்சலில் அவள் கத்துவது அவளுக்கே கேட்கவில்லை. ஆடுகள் அவர்கள் முழங்காலில் நெருக்கிக்கொண்டு நின்றன.

“கீழ புடிடி,” என்றாள் ஷரிபா, அவள் காதில் வாயை வைத்து. “மேல நான் பாத்துக்கறேன்.”

அப்படியே நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று இருவருக்கும் தெரியாது. காற்று தணிந்தபோது கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் வழிந்து வந்து அவர்கள் பூட்ஸை நனைத்தது. வெளியே சரிவெல்லாம் கண்ணாடி உடைந்து ஓடிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் கறுப்பாக மண், அதில் பழுப்புப் புல். நூர்காசிம் கூரையிலிருந்து இறங்கி, ஆடுகளைத் தாமாக வெளியே போகவிட்டார். இந்தத் தடவை காற்று திரும்பவில்லை. மிஞ்சியவை இரண்டு மந்தையிலும் சேர்த்துப் பாதிக்கும் குறைவு. குட்டி போட்ட பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று அவர் பொதுவாகச் சொன்னார், யாரையும் பார்க்காமல்.

உள்ளே ஷரிபா டீ போட்டாள். அந்தப் பக்கத்து வீடுகளில் மதிக்கிற விருந்தாளிக்குக் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவார்கள், அடிக்கடி கேட்டுக் கேட்டு ஊற்றலாம் என்பதற்காக. விளிம்புவரை ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். ஷரிபா உல்போசினின் கிண்ணத்தில் தளும்பத் தளும்ப ஊற்றினாள்.

“திருடன் வீட்டு டீ. எறங்குமா?”

உல்போசினால் இடது கையால்தான் வாங்க முடிந்தது. சூடு நாக்கைப் பொசுக்கக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு எழுந்து வீட்டுக்கு நடந்தாள்.

வசந்தத்தில் பெரியவர்கள் கூடி, வழக்கப்படி ஒரு குதிரையும் ஓர் அங்கியும் அபராதம் என்றார்கள். தொடை ஆறாமல் கைரோல்லா நொண்டிக்கொண்டே கொண்டுபோய்க் கொடுத்தான். நூர்காசிம் குதிரையை வாங்கிக்கொண்டார். அங்கியை, மழைக்கு ஆகும் என்று லாயக் கதவின் இடுக்கில் திணித்தார். கைரோல்லா அந்த வருடமே நகரத்துக்குப் போய்விட்டான். உல்போசின் போகவில்லை. அவளுடைய காறை எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறது, காற்று மாறுவதற்கு முன் வலிக்கிறது. வலித்தால் குதிரையேறி மறுசரிவுக்குப் போய்ப் பெரியத்தானிடம் சொல்வாள். அவருடைய இடது பக்கமாக வரும்போது தூரத்திலேயே தொண்டையைச் செருமுவாள். அவர் குதிரைகளை நாணலுக்கோ பள்ளத்துக்கோ மாற்றுவார். நன்றி என்று சொன்னதில்லை. ஒவ்வொரு தடவையும் ஷரிபா அவளை உள்ளே கூப்பிடுவாள், ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்புவாள். உல்போசின் குடித்துவிட்டுக் கிளம்புவாள்.